இனிஷியல் போட்ட ஓட்டு

நவம்பர் 3, திங்கள்

விடிந்ததிலிருந்து மழை. பள்ளி வாசலில் கணுக்கால் தண்ணீர். சம்பா நடவு முடிந்த வயலெல்லாம் முழுகிக் கிடக்கிறது. பாதிப் பிள்ளைகள் வரவில்லை. ஐந்தாம் வகுப்புக்கு வாய்ப்பாடு மட்டும். வாங்க வேண்டியது: இவருக்கு மாத்திரை, சார்ட் பேப்பர். குடைக் கம்பியைச் சரி பண்ணக் கொடுக்க வேண்டும்.

இடைவேளையில் கலைமதி கையில் ஒரு படிவத்தோடு வந்து உட்கார்ந்தாள். எட்டு வருஷ சர்வீஸ், எங்கள் பள்ளியிலேயே சின்னவள். ஆசிரியர் சங்கத்தின் வட்டாரக் கிளைக்குச் செயலாளராக நிற்கப் போகிறாளாம். முன்மொழிய ஆள் கிடைத்துவிட்டது. வழிமொழிய நான் கையெழுத்துப் போட வேண்டுமாம்.

"ஒரே ஒரு கையெழுத்துதான் அக்கா. சந்தா கட்டின உறுப்பினரா இருந்தாப் போதும்."

பேனாவைத் திறந்தேன். மூடினேன். "என்னை விட்டுடும்மா" என்றேன். "சரிக்கா" என்று படிவத்தை மடித்துக்கொண்டு போய்விட்டாள். கோபம்கூடப் படவில்லை.

என்ன பயம் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன். என் சொந்தப் பணியிடம் அதிராம்பட்டினம் பக்கம். இங்கே, கும்பகோணத்துக்குப் பக்கத்தில், இருப்பது மாற்றுப்பணியில். அந்த ஆணை டிசம்பர் வரைதான். நீட்டிப்புக்காகக் கல்வி அலுவலகத்தில் பேசுகிறவர் இப்போதைய செயலாளர் சந்தானம் சார். என் வீட்டுக்காரருக்கு வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ்: செவ்வாய், வியாழன் மாலையில், சனி மதியம். மெஷினிலிருந்து எழுந்ததும் பிரஷர் இறங்கித் தலை சுற்றும். கூட ஆள் வேண்டும். என்னைத் தவிர ஆள் கிடையாது. சந்தானம் சார் ஒரு வார்த்தை பேசாமல் விட்டால் போதும், ஜனவரியில் நான் கடற்கரையோரம், இவர் இங்கே தனியாக.



நவம்பர் 4, செவ்வாய்

மழை விட்டு விட்டு. வேட்புமனுவுக்குக் கடைசி நாள். கலைமதி வேறு யாரையோ பிடித்துக் கொடுத்துவிட்டாள்.

பதினைந்து வருஷமாக எங்கள் கிளையில் ஓட்டுப்பெட்டியையே யாரும் பார்த்ததில்லை. பொதுக்குழு கூடும். வடை, காப்பி வரும். யாராவது எழுந்து "சாரே இருக்கட்டும்" என்பார். எல்லோரும் கை தட்டுவோம். தீர்மானப் புத்தகத்தில் "ஒருமனதாக" என்று எழுதிக் கையெழுத்துப் போடுவோம். நானும்தான் தட்டினேன், வடை வாயில் இருக்கும்போதே.

மாலை டயாலிசிஸ் சென்டரில் இருந்தபோது சந்தானம் சார் போன்.

"டீச்சர், சாருக்கு எப்படி இருக்கு? மூச்சு வாங்கறது நின்னுச்சா?"

"பரவாயில்லைங்க சார்."

"உங்க ஃபைல் என் மனசுலயே இருக்கு, கவலைப்படாதீங்க. அந்தப் பொண்ணு உங்க ஸ்கூல்தானே? வெள்ளிக்கிழமை வரைக்கும் வாபஸ் வாங்கலாம். நீங்க சொன்னா கேக்கும்."

மிரட்டல் என்று சொல்ல முடியாது. குரலில் அவ்வளவு அக்கறை. இரண்டு வருஷம் முன்பு இந்த மாற்றுப்பணி ஆணைக்காகக் கொட்டும் மழையில் என்னோடு தஞ்சாவூர் வரை வந்தவர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு இத்தனை கஷ்டமில்லை.

இவர் எடை: ஒன்றரை கிலோ கூடுதல். ரகசியமாக மோர் குடித்திருக்கிறார். திட்டினேன். திட்ட வேண்டியது இவரையல்ல.

நவம்பர் 6, வியாழன்

வெயில் எட்டிப் பார்த்தது. பிள்ளைகள் எல்லோரும் வந்துவிட்டார்கள், கூடவே சளியும்.

கலைமதியிடம் சொன்னேன். வாபஸ் வாங்கிவிடு, எதற்கு வம்பு என்று. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சார் சொல்லச் சொன்னாரா அக்கா?"

மேஜை மேலிருந்த சாக்பீஸ் தூளைத் துடைத்தேன்.

"நான் கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான். மாற்றுப்பணி லிஸ்ட்டை எல்லாரும் பாக்கற மாதிரி போர்டுல ஒட்டணும். யாருக்கு, என்ன காரணம்னு. உங்க காரணத்தைப் படிச்சா யாருக்கா வேணாம்னு சொல்லுவா? உங்களுக்கு நியாயமா வர வேண்டியதுக்கு நீங்க ஏன் நன்றி சொல்லிக்கிட்டே இருக்கணும்?"

மதியம் முழுக்க அதே வார்த்தைதான் மண்டைக்குள். பெருக்கல் கணக்கைத் தப்பாகப் போட்டுவிட்டேன். ஒரு பிள்ளை எழுந்து திருத்தியது.

போன வருஷம் எனக்குப் பரீட்சை டியூட்டி விழுந்த நாளில் மெஷின் பக்கத்தில் நாலு மணி நேரம் உட்கார்ந்திருந்தவள் இவள்தான். அதையும் எழுத வேண்டும் இல்லையா.

நவம்பர் 7, வெள்ளி

மாலை ஐந்து மணி. வாபஸ் இல்லை. தேர்தல் உறுதி. தேர்தல் அலுவலர் (தே.அ.) ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர் ஜோசப் சார். நாளை வாக்குப்பதிவு, ஞாயிறு எண்ணிக்கை.

சத்துணவுக் கூடத்தில் காதில் விழுந்தது: "யாரு யாருக்குப் போட்டாங்கன்னு சாருக்கு எப்படியும் தெரிஞ்சிடும்."

எப்படித் தெரியும்? ரகசிய ஓட்டுதானே. இதை மூன்று தடவை எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

நவம்பர் 8, சனி

டயாலிசிஸ் சென்டரில் உட்கார்ந்து எழுதுகிறேன். 

காலை பதினோரு மணிக்கு ஓட்டுப் போட்டேன். கேட்டுக்கு வெளியே சந்தானம் சார் கும்பிட்டபடி நின்றார். "மறந்துடாதீங்க டீச்சர்." தலையை ஆட்டினேன். உள்ளே பெயர்ப் பட்டியலில் கையெழுத்து, தே.அ. முத்திரை குத்திய சீட்டு, இரண்டு கரும்பலகைகளைச் சாய்த்து ஒரு மறைப்பு. "பெயருக்கு நேரா டிக் மட்டும் போடுங்க" என்று ஜோசப் சார் ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். மறைப்புக்குள் போகிற வரை சந்தானம் சாருக்கு என்றுதான் இருந்தேன். உள்ளே யாரும் இல்லை. கலைமதிக்குப் போட்டேன். மடித்துப் பெட்டிக்குள் தள்ளியதும் அப்படி ஒரு சந்தோஷம். பஸ்ஸுக்கு நிற்கும்போது தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

இங்கே நர்ஸ் ஒரு தாள் நீட்டினாள். "படிச்சுப் பாத்துட்டு டிக் போடுங்கக்கா." போட்டேன். அவள் சிரித்தாள்.

"டிக்தானே கேட்டேன். இனிஷியல், தேதியெல்லாம் எதுக்குக்கா?"

பார்த்தேன். டிக். அதன் கீழே சுழித்துக் கிறுக்கிய "மங்". அதன் கீழே 8/11. இருபத்திரண்டு வருஷமாக நோட்டுத் திருத்துகிற கை. டிக் போட்டால் இனிஷியலும் தேதியும் தானாக வந்துவிடும்.

காலையிலும் அப்படித்தான் போட்டேன். நன்றாக ஞாபகம் இருக்கிறது. தேதிக்கு இடம் போதாமல் சின்னதாக எழுதினேன்.

கடவுளே.

பட்டியலில் முழுக் கையெழுத்து மங்கையர்க்கரசி என்றுதான். இனிஷியலை வெளிப் பள்ளிக்காரர்கள் யாரும் பார்த்ததில்லை. என் பள்ளியில் பார்த்திருக்கிறார்கள். அந்தக் கிறுக்கலை யாராவது மங் என்று படித்துவிட்டால், அப்படி ஆரம்பிக்கிற பெயர் வட்டாரத்தில் எத்தனை? மங்களம் ஒருவர், ரிட்டயர் ஆகிவிட்டார். வேறு யாரும் நினைவுக்கு வரவில்லை.

"என்ன, முகம் இப்படி வெளுத்துப் போச்சு? மெஷின்ல நானா நீயா?" என்கிறார் இவர். ஒன்றுமில்லை என்றேன்.

நவம்பர் 9, ஞாயிறு

போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். வராதது யார் என்று பார்ப்பார்களே. போனேன். கடைசிப் பெஞ்சு. காலையிலிருந்து சாப்பிடவில்லை.

இரண்டு பக்கத்து ஏஜெண்டுகள் முன்னிலையில் ஜோசப் சார் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்துக் காட்டினார். சந்தானம், கலைமதி, கலைமதி, சந்தானம். இவ்வளவு பேர் அவளுக்குப் போடுவார்கள் என்று யாருமே நினைக்கவில்லை. ஒரு சீட்டை மட்டும் தனியாக வைத்தார். அப்போதே எனக்குக் காது அடைத்துவிட்டது.

சந்தானம் சார் 58. கலைமதி 57. தனியாக ஒன்று.

ஜோசப் சார் அந்தச் சீட்டைப் பெயர்கள் தெரியாதபடி மடித்து, கீழ்ப்பாதியை மட்டும் தூக்கிக் காட்டினார்.

"டிக் போட்டு, இனிஷியல் போட்டு, தேதியும் போட்டிருக்கு. இது என்னங்க, வீட்டுப்பாட நோட்டா?"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன்.

"அடையாளம் இருந்தா செல்லாது. ஆனா போட்டவங்க இங்கயே இருந்து 'என்னோடதுதான்'னு சொன்னா, ரெண்டு வேட்பாளரும் ஒத்துக்கிட்டா, எண்ணிடலாம்னு இருக்கேன்."

எண்ணினால் 58, 58. சமமானால் சீட்டுக் குலுக்கிப் போடுவார்கள். கலைமதி சம்மதம் என்றாள். சந்தானம் சாரும் சிரித்துக்கொண்டே, "எனக்கென்ன ஆட்சேபணை? எழுந்து சொல்லட்டும்" என்றார். சொல்லிவிட்டு ஒவ்வொரு பெஞ்சாகப் பார்த்தார்.

யாரும் எழவில்லை. நான் எழவில்லை. அவருடைய ஏஜெண்டு மடித்த சீட்டோடு வரிசை வரிசையாக வந்தார். என்னிடமும் வந்தார்.

"டீச்சர், இது உங்களுதா?"

என் 'ம', என் சுழி. "இல்லைங்க" என்றேன். குரல் நடுங்கவில்லை. அதுதான் வெட்கமாக இருக்கிறது.

ஜோசப் சார் சீட்டை வாங்கிக் கலைமதியிடம் நீட்டினார். "நீ பாரும்மா. உனக்கு இந்த இனிஷியல் யாருதுன்னு தெரியுதா?"

தினமும் வருகைப் பதிவேட்டில் என் பெயருக்கு அடுத்த வரி அவளுடையது. மடிப்பைப் பிரித்துச் சீட்டைப் பார்த்தாள். நிமிர்ந்து என்னைப் பார்க்கவேயில்லை.

"தெரியலைங்க சார். செல்லாததுலயே வெச்சிடுங்க."

கை தட்டினார்கள். சந்தானம் சாருக்குப் பொன்னாடை. கலைமதியும் போய் வாழ்த்துச் சொன்னாள்.

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். எப்படியோ இடம் பிடித்து என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு பேருக்கும் டிக்கெட் வாங்கினாள். பிறகு, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, "நீங்க எனக்குப் போட மாட்டீங்கன்னுதான் நெனச்சிட்டிருந்தேன் அக்கா" என்றாள். அவ்வளவுதான். என்னால் அழத்தான் முடிந்தது. கண்டக்டர் ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

நவம்பர் 10, திங்கள்

மறுபடி மழை. ஆறாம் தேதிக் கணக்கைத் திரும்ப நடத்தினேன்.

பதினொன்றரைக்கு சந்தானம் சார் போன். ஆசிரியர் அறையில் நானும் கலைமதியும் மட்டும்.

"டீச்சர், காலையிலேயே அலுவலகத்துல பேசிட்டேன். உங்களுக்கு ஜூன் வரைக்கும் நீட்டிப்பு. ஆர்டர் இந்த வாரமே வந்துடும்."

"ரொம்ப சந்தோஷம்ங்க சார்."

"ஒரே ஒரு ஓட்டுல ஜெயிச்சிருக்கேன். அந்த ஒரு ஓட்டு உங்களுதுன்னு நெனச்சுக்கறேன்."

தெரிந்து சொன்னாரா, தெரியாமல் சொன்னாரா. ஜூன் வரை இதையேதான் யோசித்துக்கொண்டிருப்பேன். கலைமதி எதிரில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தாள். பேனா நின்றுவிட்டது.

"ஆமாங்க சார்" என்றேன்.