பதில் தராத சென்சார்

பயண நாள் 212 — 08:10

'நெய்தல்' சரக்குக் கப்பல். விழித்திருப்பவர் ஒருவர்: நான், செலின், கணினிப் பொறியாளர். உறக்கப் பேழையில் ஒருவர்: சூசை, மாலுமி, என் கணவர். மூச்சு நிமிடத்துக்கு ஆறு. எல்லாம் ஒழுங்கு.

இன்றைய வேலை, மாதேஷின் டிரைவரைப் பரிசீலிப்பது. பேழைக்குள் புதிய வகை மூச்சு சென்சார் பொருத்தியிருக்கிறார்கள். அது சொல்வதைக் கப்பல் கணினியின் மைய நிரலான கர்னலுக்கு எடுத்துச் சொல்லும் நிரல்தான் டிரைவர். இங்கே இப்போது ஓடுவது சோதனைப் பதிப்பு. நான் ஒப்புதல் தந்தால் இறுதிப் பதிப்பு கர்னலுக்குள் போகும். பன்னிரண்டு கப்பல்களிலும் தானாகவே ஏறிக்கொள்ளும்.

மாதேஷ் நிலாத் தளத்தில் இருக்கிறான். தர்மபுரிக்காரன், கெட்டிக்காரன், அவசரக் குடுக்கை. நிரலில் நாலு வரி விளக்கம் எழுதச் சொன்னால் சொத்தையே எழுதிக் கேட்டதுபோல் நடந்துகொள்வான்.

நாள் 212 — 11:40

நிரலுக்குள் அவன் வைத்திருக்கும் பெயர்கள் கண்றாவி. பொறுத்துக்கொண்டு படித்தேன். பிழை கையாளும் பகுதிக்கு வந்ததும் எரிச்சல் தலைக்கேறியது. சென்சார் பதில் தராவிட்டால் 'பிழை' என்று சொல்ல வேண்டும். இவனோ கடைசியாக வந்த எண்ணையே திரும்பத் திரும்பக் கொடுக்கிறான்.

அனுப்பியது: "ஏல மாதேசு, என்னல எழுதி வச்சிருக்க? சென்சார் செத்தாலும் பழைய நம்பரையே காட்டுமா? வெக்கமா இல்ல? மாத்தி அனுப்பு."

பதில் வர ஒன்றரை மணி நேரமாகும். உட்கார முடியவில்லை. சாப்பாட்டுப் பொட்டலத்தைப் பிரித்தேன், சாப்பிடவில்லை.

நாள் 212 — 13:15

வந்தது: "அக்கா, கோவிச்சுக்காதீங்க. திரை சும்மா சும்மா மினுக்குதுன்னு சோதனைப் பதிப்புல அப்படிப் போட்டேன். அதையே இதுலயும் காப்பி பண்ணிட்டேன். உங்க கப்பல்ல ஓடறதும் அதாங்க்கா. இப்பவே மாத்தறேன்."

இரண்டு முறை படித்தேன். பிறகு மூச்சுப் பதிவுகளைத் திறந்தேன். ஆறு, ஆறு, ஆறு. மூன்று வாரமாக ஆறு மட்டும். அதற்கு முன்பெல்லாம் ஐந்து, ஏழு என்று ஏறி இறங்கியிருக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது.

நாள் 212 — 14:05

கையேட்டைப் பார்த்தேன். சென்சார் மௌனமாவதற்கு இரண்டே காரணம். பேழைக்குள் ஒயர் கழன்றிருக்கலாம். அல்லது, கால் மணி நேரம் மூச்சே இல்லாவிட்டால் அது தானாக அணைந்துவிடும். எது என்று வெளியிலிருந்து தெரியாது. மூடியில் கண்ணாடி கிடையாது. துறைமுகம் சேருமுன் கையால் திறந்தால், உயிரோடிருப்பவரையும் நானே கொன்றதாகிவிடும்.

பழைய எண்ணைக் காட்டும் அந்த ஒரு வரியை மட்டும் மாற்றி ஏற்றிப் பார்க்கப் போகிறேன். ஒருவேளை இப்போது பதில் தரலாம். ஒருவேளை பதிவில்தான் கோளாறு.

நாள் 212 — 14:20

ஏற்றினேன். திரையில்: "சென்சார் பதில் இல்லை."

அடுத்த வரியைக் கப்பலே எழுதியது: "பேழையில் உயிர் உறுதியாகவில்லை. ஒரு மணி நேரத்தில் மின்சாரம் நிறுத்தப்படும்."

மின்சாரச் சிக்கன விதி. அப்படி ஒன்று இருப்பது தெரியும். அது சூசைக்கு வரும் என்று நினைக்கவில்லை. உயிர் இருந்தாலும் மின்சாரம் போனால் அதோடு முடிந்தது.

நாள் 212 — 14:50

பேழையின் மேல் காதை வைத்தேன். குளிரூட்டும் மோட்டார் ஓடுகிறது. அதைத் தாண்டி ஒன்றும் கேட்கவில்லை. தட்டினேன். பெயரைச் சொல்லிக் கத்தினேன். பைத்தியக்காரி, நன்றாக இருந்தாலும் அவருக்குக் கேட்காது.

நாள் 212 — 15:11

பழைய டிரைவரையே ஏற்றிவிட்டேன். இரண்டு தடவை தப்பாக அடித்தேன். கடைசி எண்ணைச் சேமிப்பிலிருந்து எடுத்துக் காட்டுகிறது, இதைக்கூட யோசித்திருக்கிறான். ஆறு. மின்சாரம் நிற்கவில்லை.

நாள் 212 — 16:30

வந்தது: "அக்கா, திருத்தி அனுப்பிட்டேன். நீங்க சொன்னதுதான் சரி. இனி பதில் வரலேன்னா பிழைன்னு சொல்லிடும். ஓகே பண்ணுங்க, எல்லாக் கப்பலுக்கும் போட்டுடலாம்."

எல்லாக் கப்பல் என்றால் இதுவும்தான்; திருத்தியது ஏறினால் இங்கே மின்சாரம் நிற்கும். இங்கே மட்டும் தடுக்கவோ, ஏறியதை மாற்றவோ எனக்கு அனுமதி இல்லை. பேசாமல் இருந்தால் நாளை வேறொருவர் அதற்கு ஒப்புதல் தருவார்.

மற்றக் கப்பல்களிலும் யாரோ தூங்குகிறார்கள். யாருக்கோ மனைவி, யாருக்கோ மகன். பழையதே போனால், அவர்கள் சென்சார் ஊமையானாலும் திரை பழைய எண்ணையே சொல்லிக்கொண்டிருக்கும். பக்கத்தில் இருப்பவர் நம்பிக்கொண்டிருப்பார். எனக்குத் தெரியும். நன்றாகவே தெரியும்.

இதை எடுத்துப் படிக்கிறவரே, நீங்கள் என்றால் என்ன செய்வீர்களோ. எனக்கு அவர் வேண்டும்

நாள் 212 — 16:55

ஒப்புதல்: மாதேஷ் முதலில் அனுப்பிய பதிப்பு, மாற்றமின்றி. பரிசீலித்தவர்: செலின்.

அனுப்பியது: "பழசே இருக்கட்டும்ல. நாந்தான் சரியாப் பாக்கல. கையெழுத்துப் போட்டாச்சு, எல்லாத்துக்கும் ஏத்திரு."

நாள் 212 — 18:25

வந்தது: "சரிங்க்கா, ஏத்திட்டேன். அங்க மாமா எப்படி இருக்காரு?"

அனுப்பியது: "நல்லாத் தூங்குதாவ."