அறுப்பு மெஷின் வந்த அன்று

வடக்குத்தெரு,
12.2.2003

அன்பு மகன் அன்பரசனுக்கு அம்மா எழுதுவது. சிங்கப்பூரில் நீயும் மருமகளும் பேத்தியும் நோய்நொடி அண்டாமல் இருக்க வேண்டும். இங்கே நாங்களும் நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும், உயிரோடு இருக்கிறோம், அது போதும். எழுத்து கோணலாக இருக்கிறதே என்று பயப்படாதே, வலது கையில் தையல் போட்டிருக்கிறது.

உன் தங்கை இசைவாணி போனில் அழுது தொலைத்திருப்பாள். அவள் பட்டுக்கோட்டையில் உட்கார்ந்துகொண்டு கேள்விப்பட்டதைச் சொல்வாள், நடந்ததை நான் சொல்கிறேன் கேள். சம்பா அறுக்க இந்த வருஷமும் ஆள் கிடைக்கவில்லை, அறுப்பு மெஷினுக்குச் சொல்லியிருந்தேன். மெஷினோடு வந்த ஏஜெண்டு வெள்ளை வேட்டி வெள்ளைச் சட்டையோடு வாசலில் நின்று, எந்த வயல்ல இறக்கணும்மா என்று கேட்டான். அவ்வளவுதான். வாசற்படி தாண்டக் காலைத் தூக்க முடியாமல் ஒட்டிக்கொண்டு நிற்கிற உன் அப்பாவுக்கு அன்றைக்கு என்ன வேகம் என்கிறாய்! கூரை எரவாணத்தில் செருகியிருந்த கருக்கரிவாளை உருவிக்கொண்டு, டேய் பண்ணையார் காரியக்காரா, எங்க வயிறு காய வெளியூரு ஆளைக் கூட்டியாந்து அறுக்கப் பாக்குறியாடா என்று பாய்ந்தார். அந்தக் காலத்துக் கூலிப் போராட்டம் இன்னும் நடக்கிறது என்று அவருக்கு நினைப்பு. நாளெல்லாம் ஆடுகிற கை, அரிவாளைப் பிடித்தபோது ஆடவே இல்லை. நான் குறுக்கே விழுந்தேன், வெட்டு என் கையில் இறங்கியது. அவன் அலறிக்கொண்டு வாய்க்காலில் குதித்துவிட்டான். அப்பாவுக்கு என்னைத் தெரியவில்லை. கருங்காலி நாயே என்று என் முடியைப் பிடித்துச் சுவரில் மோதினார். நானும் சும்மா இருக்கவில்லை, மணிக்கட்டைக் கடித்தேன், அரிவாள் விழுந்ததும் எட்டி உதைத்தேன். யார் ரத்தம் என்றே தெரியாமல் இரண்டு பேர் மேலும் வழிந்தது. அப்படியும் கழுத்தை நெரிக்க வந்தார். பக்கத்து வீட்டுக் கண்ணாத்தாள் ஓடிவந்து, கயித்தை எடு அம்சவல்லி, கட்டிப்போடுவோம் என்று கத்தினாள். எனக்கு என்ன தோன்றியதோ, தரையில் கிடந்த அவர் துண்டை எடுத்துத் தோளில் போட்டு, கூலி பேசி முடிச்சாச்சுங்க, நாம கேட்டதைக் குடுக்குறாங்களாம், வெளியாளு எல்லாம் திரும்பிப் போயாச்சு என்று காதருகே கத்தினேன். கை துண்டைத் தடவிப் பார்த்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார், கையும் பழையபடி ஆட ஆரம்பித்தது.

வாலிபத்தில் பண்ணையார் தெருவில் துண்டைத் தோளிலிருந்து எடுத்து இடுப்பில் கட்டமாட்டேன் என்று நின்றதற்காக அவரைக் களத்து மரத்தில் கட்டிவைத்து அடித்தார்கள். அந்த முதுகை நீ பார்த்திருக்கிறாய். காலையில் சாப்பிட்டது மறந்து போகிறது, அந்த அடி மறக்கவில்லையே ராசா. நடுக்க வியாதி மூளைக்கும் போய்விட்டது, இல்லாத ஆளெல்லாம் கண்ணுக்குத் தெரிவார்கள் என்று தஞ்சாவூர் டாக்டர் சொல்கிறார். மாத்திரையைக் கூட்டினால் வீடு நிறையப் பண்ணையார் ஆட்கள், குறைத்தால் கட்டையாக விறைத்துக் கிடக்கிறார். நான் என்ன செய்ய?

நீ என்னவோ இசைவாணியிடம், ஹோமில் சேர்த்துவிடலாம், கையைக் கட்டி வைத்தாலும் பத்திரமாக இருப்பார் என்றாயாம். அந்த வாயைக் கழுவு. மறுபடியும் அவரை ஒருவன் கட்டுவதா? நான் சாகும்வரை நடக்காது. துணைக்குத் திடமான ஆம்பளை ஆள் ஒன்று ஏற்பாடு செய், அது போதும். அரிவாள், அரிவாள்மனை எல்லாம் கண்ணாத்தாள் வீட்டுக்குப் போயாச்சு, வெங்காயத்தைக்கூட அங்கே போய்த்தான் நறுக்கி வருகிறேன்.

பங்குனியில் நீ வரும்போது வெள்ளைச் சட்டை போடாதே, காரைத் தெருமுனையிலேயே நிறுத்து. சட்டையைக் கழற்றித் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தால், நம்ம ஆளு என்று உன்னை விட்டுவிடுவார் என்று கண்ணாத்தாள் யோசனை சொன்னாள். நான் அவளைத் திட்டிய திட்டு தெருவுக்கே கேட்டது.

நீங்கள் மூவரும் நூறு வயது இருக்க வேண்டும். பேத்திக்கு என் முத்தம். ஒன்றை மட்டும் மறக்காதே. தோளில் துண்டோடு நிமிர்ந்து வா. யாரென்று தெரியாமல் அவர் அடித்தால் வாங்கிக்கொள், துண்டை மட்டும் இறக்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா
ம. அம்சவல்லி