சின்ன மெத்தை

கேளம்பாக்கம்
16.2.2025

அன்புள்ள ரேணுகாவுக்கு,

நான் நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கோர்ட்டில் கவுன்சிலிங் அம்மா சொன்னபடி ஒரு நோட்டும் பேனாவும் வாங்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசினால் கத்துகிறோம், இல்லாவிட்டால் கட் பண்ணிவிடுகிறோம், அதனால் ஜூலை 18 வாய்தா வரைக்கும் எதுவானாலும் கையால் எழுதிக்கொள்ளுங்கள் என்று அந்த அம்மா சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்தது. ஸ்கூலில் எழுதிய லீவ் லெட்டருக்குப் பிறகு இதுதான் நான் எழுதும் முதல் கடிதம்.

கையெழுத்துப் போட்டுப் பிரிவதற்கு முன்னால் இரண்டு நாள் எங்காவது சேர்ந்து இருந்து பாருங்கள் என்றதும் அந்த அம்மாதான். ஆனால் மாமல்லபுரம் தாண்டி அந்தப் பூங்கா விடுதியைப் பிடித்தது நான். அதற்கு மன்னிப்புக் கேட்கத்தான் எழுதுகிறேன். அதையெல்லாம் ஒரு விடுதி என்று சொல்ல வாய் கூசுகிறது. குழாயைத் திறந்தால் டீ கலரில் தண்ணீர். ஏ.சி. இருக்கிறது, ரிமோட்டில் பேட்டரி இல்லை. பாத்ரூம் தாழ்ப்பாளுக்குச் சணல் கயிறு. கடல் தெரியும் ரூம் என்றார்கள், ஜன்னலைத் திறந்தால் சின்டெக்ஸ் டேங்க் தெரிகிறது. பூங்காவாவது ஒழுங்காக இருக்குமென்று பார்த்தால் ஊஞ்சலில் பலகை இல்லை. அந்தச் சிமெண்ட் ஒட்டகச்சிவிங்கிக்குக் கழுத்தே இல்லை. வெறும் கம்பி நீட்டிக்கொண்டு நிற்கிறது.

இதையெல்லாம்கூட விட்டுவிடலாம். அந்தக் கிழவன் ஏசுபாதம் செய்ததைத்தான் என்னால் விட முடியவில்லை. வாட்ச்மேனும் அவன்தான், சமையலும் அவன்தான். கக்கத்தில் ஒரு சின்ன மெத்தையும் கையில் ஒரு டம்ளர் பாலுமாக வந்து நின்றுகொண்டு, "பாப்பா எங்கம்மா, தூங்கிடுச்சா?" என்று உன்னைப் பார்த்துக் கேட்டான். வந்திருப்பது எத்தனை பேர் என்று தலையை எண்ணத் தெரியாதா ஒருத்தனுக்கு? உன் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் நான் அப்படிக் கத்தினேன். காலையில் குளித்துவிட்டு வந்து பார்த்தால் நீ இல்லை. பஸ் ஏறிப் போய்விட்டாய்.

அவன் செய்த தப்புக்கு என்மேல் கோபப்படுவது நியாயமா, சொல். வேறு நல்ல இடமாகப் பார்க்கிறேன். இன்னொரு முறை வா.

ஜெகதீசன்


பொத்தேரி
2.3.2025

வணக்கம்.

கடிதம் கிடைத்தது. நான் நன்றாக இருக்கிறேன். ஹாஸ்டலில் வேலை பழகிவிட்டது. நூற்று நாற்பது பெண்கள். யார் எத்தனை மணிக்குப் போனார்கள், எத்தனை மணிக்கு வந்தார்கள் என்று பதிவேட்டில் எழுதுவதுதான் நாள் முழுக்க. நீங்கள் வேளைக்குச் சாப்பிடுகிறீர்களா? ஐ.டி. கம்பெனி வேன் டிரிப் முடித்துவிட்டு வந்து வெறும் பிஸ்கட்டோடு படுத்துவிடுவீர்கள் என்று தெரியும்.

விடுதி மோசம்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெரியவரை அவன் இவன் என்று எழுதாதீர்கள். தாழ்ப்பாள் உடைந்ததைப் பார்த்து, நான் சங்கடப்படக் கூடாது என்று கயிறு கட்டிக் கொடுத்ததே அவர்தான். காலையில் என் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிற்கும் இடம் வரைக்கும் வந்தார். கோவளத்துக்காரராம்.

நான் கிளம்பி வந்ததற்கு அந்த மெத்தை காரணமில்லை. இப்போது எழுத வரவில்லை. பிறகு எழுதுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். ஈசிஆர் ரோடு முழுக்க எத்தனையோ நல்ல விடுதி இருக்க, அந்த இடத்தை ஏன் பிடித்தீர்கள்?

வருகிற அக்டோபரோடு ஸ்வாதி போய் இரண்டு வருஷம். அந்தக் காய்ச்சல் நாலே நாளில் அவளைக் கொண்டுபோகாமல் இருந்திருந்தால் இப்போது மூன்றாம் வகுப்புக்குப் புத்தகம் வாங்கிக்கொண்டிருப்போம். அவள் பெயரை எழுதிவிட்டேன். நீங்கள் இந்த வரியைத் தாண்டிப் போய்விடுவீர்கள் என்றும் தெரியும்.

ரேணுகா


கேளம்பாக்கம்
23.3.2025

அன்புள்ள ரேணுகாவுக்கு,

கடிதத்தின் தலையில் வெறும் வணக்கம் என்று போட்டிருந்தாய். கரண்ட் ஆபீஸ் நோட்டீஸிலாவது பேர் இருக்கும். கல்யாணம் ஆகிப் பதினோரு வருஷத்தில் நீ என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அது சரி. முதலில் "ஏங்க" என்பாய், அப்புறம்... அதை விடு.

ஏன் அந்த இடம் என்று கேட்டிருந்தாய். பெரிதாக ஒன்றும் இல்லை. ஆஃபர் போட்டிருந்தான், பிடித்தேன்.

உனக்கு ஒரு நல்ல சேதி. அந்த விடுதியை நான் சும்மா விடவில்லை. போனில் ஒரே ஒரு ஸ்டார் போட்டு, நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினேன். மறுநாளே ஓனர் ஜெயக்குமார் என்பவர் கூப்பிட்டார். சார், சார் என்று ஒரே கெஞ்சல். குழாய் கதையை எல்லாம் விட்டுவிட்டு, என் பெண்டாட்டி மனம் எவ்வளவு நொந்து போனது தெரியுமா, வந்தவர்களிடம் என்ன கேட்பது என்று தெரியாத ஆளையெல்லாம் ஏன் வைத்திருக்கிறீர்கள் என்று நன்றாகக் கேட்டுவிட்டேன். போன வாரம் மறுபடியும் கூப்பிட்டார். அந்தக் கிழவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம்.

உனக்காகத்தான் செய்தேன். இப்போதாவது மனம் கொஞ்சம் ஆறியிருக்கும்.

ஜெகதீசன்


பொத்தேரி
6.4.2025

ஜெகதீசன் அவர்களுக்கு,

உங்கள் பெயரை இன்றைக்குத்தான் முதன்முதலாக எழுதுகிறேன். கை கூசுகிறது.

பெரியவரை நிறுத்திவிட்டார்கள் என்று படித்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. தப்பு செய்தது அவர் இல்லை, நான்.

நாம் எங்கே போனாலும் நீங்கள் வண்டியை நிறுத்தப் போவீர்கள், நான் உள்ளே போய்ப் பதிவேட்டில் எழுதுவேன். அன்றைக்கும் அப்படித்தான். பெயர் எழுதினேன், ஊர் எழுதினேன். ஆண் என்ற கட்டத்தில் 1 போட்டேன். பெண் 1. அடுத்த கட்டம் குழந்தை. அதில் ஒரு கோடு போட வேண்டும். என்னால் போட முடியவில்லை. அதிலும் 1 என்று எழுதினேன்.

பழக்கதோஷத்தில் எழுதிவிட்டேன் என்று சொன்னால் நீங்கள் நம்பிவிடுவீர்கள். ஆனால் பதிவேடு எழுதிப் பிழைக்கிறவள் நான். தெரிந்தேதான் எழுதினேன். ஒரே ஒரு இடத்திலாவது அவள் நம்மோடு வந்திருக்கிறாள் என்று எழுத்தில் இருக்கட்டும் என்று தோன்றியது. யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். அந்த மனிதர் பார்த்திருக்கிறார். பார்த்ததோடு நிற்காமல் மெத்தையைத் தட்டி, பாலைச் சூடு ஆற்றிக் கொண்டுவந்தார்.

அவர் கேட்டதற்கு நீங்கள் என்ன சொன்னீர்கள் என்று நினைவிருக்கிறதா? "எங்களுக்குக் கொழந்தையே கெடையாதுய்யா. யாருய்யா உனுக்குச் சொன்னது?" என்றீர்கள். அவர் என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. நீங்கள் அவரை அத்தனை பேச்சுப் பேசியும் திறக்கவில்லை. அது நான் செய்த பாவம்.

ஆனால் நான் பஸ் ஏறியது உங்கள் வார்த்தையால்தான். செத்துப்போச்சு என்று சொல்லியிருந்தாலும் தாங்கியிருப்பேன். கிடையவே கிடையாது என்றீர்கள். ஆறு வருஷம் எட்டு மாசம் நம் வீட்டில் ஒரு பிள்ளை இருந்தது. அவள் போன பத்தாம் நாளே துணிமணி, சைக்கிள், யானை போட்ட தலையணை ஒன்றுகூடக் கண்ணில் படாமல் பண்ணினீர்கள். அன்றைக்குப் பொறுத்துக்கொண்டேன். இதைப் பொறுக்க முடியவில்லை.

அவள் பிறந்த பிறகு ஸ்வாதி அப்பா என்றுதானே உங்களைக் கூப்பிட்டேன். உங்களுக்குப் பிள்ளையே இல்லை என்றால் நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது? அதனால்தான் வெறும் வணக்கம்.

பெரியவரை நான்தான் போய்ப் பார்க்க வேண்டும். இங்கே பரீட்சை நேரம், லீவு கேட்டுக் கிடைக்கவில்லை. நீங்கள் தேடிப் போய் உண்மையைச் சொல்லுங்கள். எனக்காக இதைச் செய்யுங்கள்.

ரேணுகா


பொத்தேரி
1.6.2025

கடிதம் போட்டு இரண்டு மாதம் ஆகப்போகிறது. கோபம் என்றால் திட்டியாவது எழுதுங்கள். பெரியவரைப் பார்த்தீர்களா என்பதை மட்டுமாவது தெரிவியுங்கள். உடம்பு சரியாக இருக்கிறதா?

ரேணுகா


கேளம்பாக்கம்
29.6.2025

அன்புள்ள ரேணுகாவுக்கு,

எழுதாமல் இல்லை. எழுதி எழுதிக் கிழித்ததில் நோட்டு பாதியாகிவிட்டது.

கோவளத்துக்கு மூன்று முறை போனேன். இரண்டு முறை வேனை விட்டு இறங்கக்கூடத் தைரியம் வராமல் திரும்பிவிட்டேன். மூன்றாவது முறை, பீச்சில் கார் நிறுத்தும் இடத்தில் டோக்கன் கிழித்துக்கொண்டிருந்தார். என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். "இன்னா சார், இம்மாந் தூரம்?" என்று சிரித்தார். எனக்கு அங்கேயே பாதி உயிர் போய்விட்டது.

பதிவேட்டில் எழுதியது என் பெண்டாட்டி, உங்கள்மேல் தப்பில்லை, மன்னித்துவிடுங்கள் என்று சொன்னேன். "தெரியும் சார். புக்கு என் கையிலதான இருந்துச்சு. அது அம்மா எழுத்து. அப்பவே எடுத்துக் காட்டியிருந்தா நீ அம்மாவத்தான திட்டியிருப்ப? என்னியத் திட்டுனா இன்னா, காத்தோட போவும்" என்றார். வேலை போனபோதும் ஓனரிடம் அதைக் காட்டவில்லையாம்.

பிறகு, "பாப்பா பேரு இன்னா சார்?" என்று கேட்டார்.

ஸ்வாதி என்று சொன்னேன். அவள் போன பிறகு என் வாயால் அந்தப் பெயரைச் சொன்னது அதுதான் முதல் முறை. சொல்லிவிட்டு வேனுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன், ரேணு. நாற்பத்திரண்டு வயசு ஆள், பார்க்கிங்கில் நின்று அப்படி அழுதேன். அவர் யாரையும் அந்தப் பக்கம் வண்டி விட வேண்டாம் என்று கையைக் காட்டித் திருப்பிக்கொண்டிருந்தார்.

அங்கிருந்தே அவரை வேனில் ஏற்றிக்கொண்டு விடுதிக்குப் போனேன். ஜெயக்குமாரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நல்ல மனிதர்தான், மறுநாளே வேலைக்கு வரச் சொல்லிவிட்டார். போனில் எழுதியதையும் அழித்துவிட்டேன்.

ஏசுபாதம் பதிவேட்டைப் பிரித்துக் காட்டினார். உன் கையெழுத்தில் 1, 1, 1 என்று மூன்றும் வரிசையாக இருந்தன. கடைசிக் கட்டம், ரூமைக் காலி செய்த நாள், வெறுமனே கிடந்தது. நீயும் எழுதவில்லை, நானும் எழுதாமல் வந்துவிட்டேன். "ரூமு இன்னும் உங்க பேர்லதான் கீது சார். தேதி போட்டு ஒரு கையெழுத்து வெச்சிட்டுப் போ" என்றார். பேனாவை வாங்கினேன். மூன்று பேரும் கிளம்பிவிட்டோம் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

ஆஃபர் என்று உன்னிடம் சொன்னது பொய். ஆஃபரும் இல்லை, ஒன்றும் இல்லை. ஈசிஆரில் போகும்போதெல்லாம் ஸ்வாதி ஜன்னல் பக்கம் எழுந்து நிற்பாள், ரோட்டிலிருந்து அந்தச் சிவிங்கியின் தலை தெரியும். "அப்பா, ஒட்டச்சிங்கி வூட்ல ஒரு நாள் தூங்கணும்பா" என்பாள். அடுத்த லீவுக்குப் போகலாம் என்பேன். எத்தனை லீவுக்கு அப்படிச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது. அவளைத்தான் கூட்டிப்போகவில்லை, உன்னையாவது கூட்டிப்போகலாம் என்றுதான் அதைப் பிடித்தேன். அங்கே போய் அதன் அடியில் நின்று உன்னிடம் இதைச் சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். போய்ப் பார்த்தால் கழுத்தே இல்லை. அந்த ஆத்திரம் குழாய்மேல் போனது, ஏசுபாதத்தின்மேல் போனது. அந்த வார்த்தையும் அதில்தான் வாயில் வந்தது. அது மன்னிக்கக்கூடிய வார்த்தை இல்லை என்று எனக்குத் தெரியும்.

இன்னொன்று. பத்தாம் நாள் நான் எடுத்த எதையும் எறியவில்லை. எல்லாம் வேன் ஷெட்டில் மூன்று அட்டைப்பெட்டியில் இருக்கிறது. பார்க்க முடியாமல்தான் எடுத்தேன், போட முடியாமல் வைத்திருக்கிறேன். சைக்கிளுக்கு மாதம் ஒரு முறை காற்று அடிக்கிறேன்.

18ஆம் தேதி வந்துவிடுவேன். என் ஆசையைக் கேட்டால், நீ வீட்டுக்கு வந்துவிடு என்பதுதான். ஆனால் உன் முடிவு எதுவோ அதற்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

இப்படிக்கு,
ஸ்வாதி அப்பா


பொத்தேரி
8.7.2025

அன்புள்ள ஸ்வாதி அப்பாவுக்கு,

கடிதத்தை நாலு முறை படித்தேன். மாலையில் திரும்பி வந்த பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தாங்களே பதிவேட்டில் எழுதிக்கொண்டு மேலே போனார்கள்.

உங்கள்மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. இதை நான் பேச்சுக்குச் சொல்லவில்லை. இந்தக் கடிதம் போன வருஷம் வந்திருந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு அன்றைக்கே வந்திருப்பேன். இப்போது என்னால் முடியாது. அந்த வீட்டில் என் முகத்தில் நீங்கள் அவளைத் தேடுவீர்கள், உங்கள் முகத்தில் நான் தேடுவேன். இங்கே காலையில் போகிற பிள்ளைகள் சாயங்காலம் திரும்பி வருகின்றன. அதை எழுதி எழுதித்தான் எனக்கு மூச்சு வருகிறது. அதனால் 18ஆம் தேதி கையெழுத்துப் போட்டுவிடுவோம். உங்களுக்கு வலிக்கும். எனக்கும் வலிக்கிறது.

வக்கீலிடம் கேட்டு அந்தத் தாள்களை முழுக்கப் படித்தேன். புருஷன், பெண்டாட்டி என்பதை மட்டும்தான் அதில் முடிக்கிறார்கள். "இவர்களுக்கு ஸ்வாதி என்ற ஒரு பெண் குழந்தை" என்ற வரி அப்படியே இருக்கிறது. அதை யாரும் அடிக்கப் போவதில்லை.

வரும்போது யானை போட்ட தலையணையை மட்டும் கொண்டுவாருங்கள். மற்றது உங்களிடமே இருக்கட்டும். சைக்கிளுக்குக் காற்று அடிப்பதை நிறுத்தாதீர்கள். காலையில் ஏதாவது சாப்பிட்டுவிட்டு வாருங்கள், கோர்ட்டில் கூப்பிட மதியம் ஆகிவிடும்.

முடிந்ததும் உங்கள் வேனிலேயே திருக்கழுக்குன்றம் வழியாக விடுதிக்குப் போய்விட்டு வருவோம். பெரியவரை நான் நேரில் பார்க்க வேண்டும். பதிவேட்டில் அந்தக் கடைசிக் கட்டத்தையும் அப்படியே விடக் கூடாது. எப்போதும் போல நீங்கள் வண்டியை நிறுத்திவிட்டு வாருங்கள். உள்ளே போய் நான் எழுதுகிறேன்.

ரேணுகா