ரப்பர் வளையத்தில் தனாக்கா

ஜூலை 14, செவ்வாய்

நாளை ஆற்றுக்கு அக்கரையில், தன்லியின் ஊரில் ஒரு கல்யாணத்தைப் படமெடுக்க வேண்டும். கரண்ட் இருக்கும்போதே இன்னொரு பேட்டரியைச் சார்ஜில் போட்டுவிட்டு, கேமராவைத் துடைக்க உட்கார்ந்தேன். கண் வைத்துப் பார்க்கும் ரப்பர் வளையத்தில் மஞ்சளாக ஏதோ அப்பியிருந்தது. தொட்டால் தூள். தனாக்கா, மரப்பட்டையை அரைத்து முகத்தில் பூசும் சாந்து. இந்த வீட்டில் கன்னத்தில் தனாக்கா பூசுவது என் மனைவி மாலா ஒருத்திதான்.

"கேமராவைத் தொட்டியா?" என்று கேட்டேன்.

"நான் ஏன் தொடப்போறேன்?" என்றாள், அடுப்பை விட்டுத் திரும்பாமலே.

எனக்குக் கோபம் வந்தது. அந்தத் தூள் லென்ஸில் பட்டுத் தேய்த்தால் கீறல்தான். முதலில் ஊதி, பிறகு பிரஷால் தட்டி எடுத்தேன். பழைய படம் எதையாவது அழித்துவிட்டாளோ என்று பார்த்தால், புதிதாகப் பதினோரு படங்கள் இருந்தன. எல்லாவற்றிலும் நான், மதியம் வாயைப் பிளந்துகொண்டு தூங்குகிறேன். ஒன்றிலும் முகம் தெளிவாக இல்லை. தலையணை உறையின் பூ மட்டும் நன்றாக விழுந்திருக்கிறது.

கேமராவோடு அடுப்படிக்குப் போனேன். திட்டத்தான் போனேன். வாயில் வந்தது வேறு.

"பட்டனை ஒரேயடியா அமுக்கக் கூடாது. பாதி அமுக்கி, கொஞ்சம் நிறுத்தி, அப்புறம் அமுக்கணும். அப்பதான் முகம் தெளிவா விழும்."

"தெரியும். பாதி அமுக்கினா 'பீப்'னு கத்துது. நீங்க முழிச்சுக்கிறீங்க."

ஈரம் இழுக்கும் பொட்டலங்களோடு கேமராவைப் பெட்டியில் வைத்தேன். மூடுவதற்கு முன் அந்தச் சத்தத்தை அணைத்துவிட்டேன்.