ஆட்டத்தை நிறுத்தியவள்

மதுரை
9.11.1988

என் ஞானக்காவுக்கு செல்வி எழுதுவது.

சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். பொய் எழுத வரலை.

நேற்றைய ஆட்டத்தில் நான் மட்டுமே முப்பத்தொரு பாயிண்ட். காலேஜே என் பேரைச் சொல்லிக் கத்திச்சு. கடைசிப் பந்தைக் கூடையில் போட்டு இறங்கும்போது நெஞ்சு படபடவென்று அடித்து, கண் இருட்டி, கோர்ட்டிலேயே விழுந்துட்டேன். காலையில் சாப்பிடலை என்று பி.டி. மேடத்திடம் சமாளித்தேன். சாப்பிட்டிருந்தேன் அக்கா, ஆறு இட்லி! இது மூணாவது தடவை. பயமா இருக்கு.

ஜனவரியில் பல்கலைக்கழகப் போட்டி. அதில் ஆடின சர்டிபிகேட் இருந்தால்தான் ரயில்வேயில் ஸ்போர்ட்ஸ் கோட்டா வேலை. யாரிடமும் சொல்லாதே. அம்மா விட்டுப்போன ஜெபமாலை மேல் சத்தியம் பண்ணி எழுது.

உன் செல்வி

திருமுல்லைவாயில்
14.11.1988

அடி செல்லமே,

உன் கடிதத்தை நாலு தடவை படித்துட்டேன். அப்பா நாற்பது வயசில் ஆவடி ஸ்டேஷன் படியில் விழுந்து செத்தாரே, அன்றைக்கும் நன்றாகச் சாப்பிட்டுத்தான் போனார். அதற்கு முன்னாடி ரெண்டு தடவை கண் இருட்டினதைப் பித்தம் என்று சொல்லி மறைத்தவர். நமக்கு இருந்தது அவர் ஒருத்தர். இப்போ எனக்கு இருப்பது நீ ஒருத்தி.

டாக்டரிடம் போடி, கழுதை. வேலை எங்கே ஓடிப்போகுது?

சத்தியம் கேட்டாய். பண்ணிட்டேன்.

அக்கா ஞானகுமாரி

மதுரை
23.11.1988

அக்கா,

டாக்டரிடம் போனால் ஆடக் கூடாது என்று எழுதிக் கொடுத்துடுவார். மேடம் என் பேரை அடிச்சிடுவாங்க. ஜனவரிப் போட்டி முடியும் வரைக்கும் பொறு. அப்புறம் எங்கே இழுத்தாலும் வரேன்.

நேற்று பல் தேய்க்கும்போதே கண் இருட்டிச்சு. படுக்கவே பயமா இருக்கு. அறைத்தோழி அங்கம்மாவிடம், நடுநடுவே என்னை எழுப்பிப் பாருடி என்றேன். ஏன் என்று கேட்டாள். பேய்ப் பயம் என்றேன்.

செல்வி

மதுரை
12.12.1988

ஞானகுமாரிக்கு,

மேடத்துக்குக் கடிதம் போட்டிருக்கே. அப்பா விழுந்த தேதி வரைக்கும் எழுதியிருக்கே. அவங்க என்னைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாங்க. இதயச் சுவர் தடித்திருக்காம். இனி ஓடவே கூடாதாம். என் பேரை அடிச்சாச்சு. என் இடத்தில் ஒரு ஜூனியர்.

டாக்டர் சொன்னது சரியாகவே இருக்கட்டும். அம்மா ஜெபமாலை மேல் சத்தியம் பண்ணிட்டு முதுகில் குத்தினவள் நீ. பந்து இல்லாத என்னை யாருக்குத் தெரியும்? இனி எனக்கு எழுதாதே.

அருள்செல்வி

திருமுல்லைவாயில்
4.3.1991

செல்வி,

மதுரையிலேயே ஒரு பள்ளிக்கூட ஆபீசில் நீ சேர்ந்ததை அங்கம்மா எழுதித்தான் தெரியும். அவளும் கல்யாணமாகிப் போய்ட்டாள். உன்னைப் பற்றிச் சொல்ல இப்போ ஆளில்லை.

சத்தியத்தை மீறினேன். ஆமாம். மன்னிப்புக் கேட்க மாட்டேன், மறுபடியும் அதையே செய்வேன். ஆனால் பயம் மட்டும் போகலை. பக்கத்து வீட்டில் போன் அடித்தால்கூட வாசலுக்கு ஓடிடறேன்.

போன மாசம் போட்ட கடிதமும் இன்று திரும்பி வந்தது. "இன்னாம்மா, உன் லெட்டரு உன்கிட்டயே வந்துகினு கீது?" என்று தபால்காரர் வேம்புலி கேலி பண்ணினார்.

உறைமேல் 'வாங்க விருப்பமில்லை' என்று உன் கையால் எழுதி, தேதியும் போட்டிருக்கே. பிப்ரவரி இருபத்தாறு. அன்றைக்கு நீ உயிரோடு இருந்திருக்கே. வாசலிலேயே உட்கார்ந்து அழுதுட்டேன்.

இதையும் பிரிக்க வேண்டாம். தேதி போட்டுத் திருப்பி அனுப்பிடு, போதும்.

அக்கா