சேரும் ஹெட்செட்டும்

ஏங்க,

சோறும் கத்திரிக்கா தொக்கும் அடுப்பு மேலயே இருக்கு. எனக்கு இன்னிக்கு ஓவர்டைம். வெளிய போனா சாவிய பக்கத்து வீட்டு ஷபானா கிட்ட குடுத்துடுங்க.

உங்க கேமிங் கம்ப்யூட்டர் லிஸ்ட் ஃப்ரிட்ஜ் மேல இருக்கு. கிராபிக்ஸ் கார்டு, கேபினெட் எல்லாத்துக்கும் டிக் போட்டுட்டீங்க. சேரும் ஹெட்செட்டும்தான் பாக்கி. நீங்க காட்டின மூணு சேருமே ரெக்சின் உரிஞ்சிடும்னு சொன்னேன். ஷூ கம்பெனில தோல் செக்கிங் பண்றவ நான், அதனால நம்பிட்டீங்க. நெஜத்துல மூணுமே நல்ல சரக்குதான்.

கிறிஸ்துமஸ் அன்னிக்கு சண்டை போட்டதுலேர்ந்து நாம பேசுறதே இந்த லிஸ்ட்டைப் பத்திதான். அது முடிஞ்சிடக் கூடாதுன்னு அப்படிச் சொல்லிட்டேன். அந்த மூணுல கருப்பு சேரையே வாங்கிக்கோங்க.

ஸ்டெல்லா

ஹெட்செட்டுக்கு மட்டும் இப்போ டிக் போடாதீங்க. அதை மாட்டிக்கிட்டா நான் கூப்பிடுறது உங்களுக்குக் கேக்காது.