நானாவின் குரலில் ஒரு பேய்க்கதை

பெப்ரவரி 9, கற்பிட்டி

எண்பது வருடத்துக்கு முந்திய அமெரிக்க வானொலித் திகில் நாடகங்களைப் போனில் கேட்டுக் கேட்டு, எனக்கும் ஆசை வந்துவிட்டது. நேற்று நானே ஒன்று செய்தேன். வாளித் தண்ணீரை அளைந்து கடல் சத்தம் எடுத்தேன். கதவுச் சத்தத்துக்கு அலுமாரிக் கதவைக் கிறீச்சிட வைத்தேன். கடலில் மூழ்கியவன் வீடு திரும்பிக் கதவைத் தட்டுகிற கதை; அவனுக்கு நானே குரல் கொடுத்தேன். குடும்பக் குழுவில் போட்டேன். மதினியும் அதில் இருப்பது நினைவில் இல்லை. அவருடைய கணவர், என் அண்ணன், நான் நானா என்று கூப்பிடுபவர், கடலுக்குப் போய்த் திரும்பாமல் ஒரு வருடம்தான் ஆகிறது.

உடனே அழித்தேன். அதற்குள் மதினி கேட்டுவிட்டார்.

இன்று பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு வந்தார். ஏசப்போகிறார் என்று தலைகுனிந்து நின்றேன்.

“மாப் பண்ணுங்க மதினி. யோசிக்காமச் செஞ்சிட்டேன்.”

“அது கிடக்கட்டும் தம்பி. உங்கட சத்தம் அப்படியே அவர்ட சத்தம். ஒருக்கா என்ட பேரச் சொல்லுங்க.”

மறுத்திருக்க வேண்டும். “ஸபீனா” என்றேன், நானா கூப்பிடுவதுபோலவே கடைசி எழுத்தை இழுத்து.

மதினி கண்ணை மூடிக்கொண்டு, “ஓம், வாறேன்” என்றார்.

நாளைக்கும் வருவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.